நம்போலாவுக்கு வந்த குரல்

அம்சவல்லிக்கும் சின்னதுரைக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசிய நாட்கள் மிகக் குறைவு. சண்டை ஒன்றும் இல்லை. சின்னதுரை குடிக்கிறவனும் இல்லை. நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை வாரும் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. ஒரு வாரம் பர்ஸ்ட் ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். அம்சவல்லி காலை பஸ்ஸில் முத்தாண்டிக்குப்பம் போய் முந்திரிக்கொட்டை உடைப்பாள். அவன் வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவள் வரும்போது அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பான். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம் ஒரு சந்தில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. அந்த அறையில் இரண்டு பேர் இவ்வளவு ஓசையில்லாமல் வாழ முடியுமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வியந்ததுண்டு.

அவன் அவளுக்கு முறை மாமன். அதனால் சின்ன வயதிலிருந்தே அவனை "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். இருவர் குடும்பமும் கம்மாபுரம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணமோ வேலையோ கிடைத்தது. அந்த நிலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வேலை போனதுதான் மிச்சம். சின்னதுரை கான்ட்ராக்டில் சேர்ந்தான். ஒரு நாள் பர்மனென்ட் ஆகும் என்று எல்லோரையும் போல அவனும் இருந்தான்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு குழந்தை மூன்று மாதத்தில் கலைந்தது. ஆறாம் வருஷம் ஒன்று ஏழு மாதம் வரை வயிற்றில் இருந்து, இறந்தே பிறந்தது. பெண் குழந்தை என்று அம்சவல்லிக்குச் சொன்னார்கள். அவள் பார்க்கவில்லை. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது பக்கத்தில் சின்னதுரை மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"கொழந்த எங்க மாமா?"

"ஆஸ்பத்திரியிலியே பாத்துக்கினாங்க."

அவ்வளவுதான் அவன் சொன்னது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் அதோடு குறைந்துபோயிற்று.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தமிழ்நாடு முழுக்கக் கடுமையான மின்வெட்டு. டவுன்ஷிப்புக்குள் தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். வெளியே இவர்கள் சந்தில் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் கரன்ட் இருக்காது. அப்போது மகளிர் குழுக் கூட்டத்துக்கு இசைப்பிரியா என்ற ஓர் இளம் பெண் வந்தாள். கடலூரில் பெண்களுக்கு சோலார் விளக்கு செய்யக் கற்றுத்தரும் மையத்தில் அவள் இன்ஜினியர். ஆறு வாரப் பயிற்சி, பத்தாவது படித்திருந்தால் போதும் என்றாள். அம்சவல்லி பத்தாவது முடித்தவள். கரன்ட் இல்லாத அந்த நாட்களில் வேறு எதைப் பற்றியும் யோசிக்க முடியவில்லை, அதனால் பெயரைக் கொடுத்தேன் என்று பின்னால் சொல்வாள்.

சால்டரிங் அயர்னைப் பிடிக்க மற்றவர்கள் பயந்தார்கள். முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அம்சவல்லியின் விரல் நுனியில் தோல் எத்தனையோ தடவை உரிந்து வளர்ந்திருந்தது. சூட்டுக்கு அவள் பயப்படவில்லை, கை நடுங்கவும் இல்லை. நெல்மணி அளவு ஈயத்தைச் சொட்டு வைத்தாற்போல் வைப்பாள். ஒரு வருஷத்தில் அந்த மையத்திலேயே சொல்லிக்கொடுப்பவள் ஆனாள். வீடுகளின் கூரையில் சோலார் தகடு பொருத்துவது, பேட்டரி கட்டுவது, வயர் இழுப்பது எல்லாம் பழகினாள்.

இரண்டாயிரத்துப் பதினான்கு தொடக்கத்தில் இசைப்பிரியா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். பேச்சில் அம்சவல்லி எல்லோருக்கும் வள்ளிதான்.

"வள்ளியக்கா, ஆப்பிரிக்காவுல தான்சானியான்னு ஒரு நாடு. அங்க கடலோர மாவட்டத்துல கிராமம் கிராமமா வீட்டுக்கு சோலார் போடுற அமைப்பு ஒண்ணு நம்மகிட்ட ஆள் கேக்குறாங்க. அங்க இருக்கிற பொண்ணுங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும். பொம்பள டீச்சர்தான் வேணுமாம். பதினோரு மாசம். உங்கள விட்டா எனக்கு வேற யாரும் தோணல."

அம்சவல்லி அன்று வீட்டில் சின்னதுரைக்காகக் காத்திருந்தாள். செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பியவனை வாசலில் நிறுத்திச் சொன்னாள். அவன் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டான்.

"போயிட்டு வா," என்றான்.

அவ்வளவுதானா என்று அவளுக்கு இருந்தது. போகாதே என்று அவன் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாள். அப்படிச் சொல்வான் என்ற ஆசையில்தான் அவனைக் கேட்டாள். அடுத்த வாரம் அவன் இரண்டு ஸ்மார்ட்போன் வாங்கி வந்தான். ஒன்றை அவளிடம் நீட்டினான்.

*

நம்போலா என்பது அந்தக் கிராமத்தின் பெயர். பெரிய நகரத்திலிருந்து தெற்கே ஒரு முழுப் பகல் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஜீப்பில் மேட்டு நிலத்தில் ஏற வேண்டும். ஜீப்பை விட்டு இறங்கிய அம்சவல்லி திகைத்து நின்றுவிட்டாள். செம்மண். அந்தச் செம்மண்ணில் வரிசை வரிசையாக முந்திரி மரங்கள். முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் பஸ் நிறுத்தத்தில் இறங்கியதுபோல் இருந்தது. ஒரு கணம் எல்லாம் பழகிய இடமாகத் தெரிந்து, அடுத்த கணமே அந்த மரங்களுக்கு நடுவே தனக்குத் தெரிந்த ஒரு முகமும் இல்லை என்பது உறைத்தது. அவளுக்கு அழுகை வந்தது.

தங்க இடம் கொடுத்தவள் ஹலீமா என்ற நாற்பத்தைந்து வயதுக்காரி. பயிற்சிக்கு வந்த நான்கு பெண்களில் மூத்தவளும் அவள்தான். அந்த ஊரில் பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மூத்த குழந்தையின் பெயரோடு "மாமா" சேர்த்து அழைப்பார்கள். அவர்கள் பேசும் ஸ்வாஹிலி மொழியில் மாமா என்றால் அம்மா. ஹலீமாவின் மூத்த பெண் சுஹுரா. அதனால் ஹலீமா ஊருக்கெல்லாம் மாமா சுஹுரா. காக்கா என்றால் அண்ணன். இதையெல்லாம் அம்சவல்லி ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, தனக்குத் தானே சொல்லிச் சிரித்துப் பழகினாள்.

ஊரில் செல்போன் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில் மட்டும்தான். அங்கே ஒரு முந்திரி மரம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அம்சவல்லி அந்த மரத்தடிக்குப் போய்விடுவாள். முதல் வாரம் சின்னதுரையிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. எட்டு விநாடி.

"வள்ளி. சாப்ட்டியா. நான் சாப்ட்டன். டூட்டிக்குப் போறன். வச்சிடறன்."

அவள் அதை நாலைந்து தடவை போட்டுக் கேட்டாள். பிறகு போனை வாய்க்கருகே வைத்து, "மாமா, நான் நல்லா இருக்கறன் மாமா, நீங்க ஒழுங்கா சாப்புடுங்க மாமா," என்று பதில் பேசினாள். கூட வந்திருந்த பெண்கள் முகத்தில் ஓர் இரக்கம். மாமா சுஹுரா அவள் தோளைத் தொட்டு, அவளுக்குப் புரியும் சில வார்த்தைகளும் சைகையுமாகக் கேட்டாள்.

"உன் அம்மாவைப் பிரிந்து வந்தது உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதா?"

"அம்மா இல்லை. என் புருஷன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்த மேடே அதிரும்படி சிரிப்பு. இந்தியாவிலிருந்து வந்தவள் புருஷனை அம்மா என்று கூப்பிடுகிறாளாம் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கிழவர்கள்கூட அவளைக் கண்டால், "உன் அம்மா சௌக்கியமா, மீசை வளர்ந்துவிட்டதா?" என்று கேட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவள் அந்த ஊர்க்காரி ஆனாள்.

வேலை பழகியதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு தகடு, ஒரு பேட்டரி, மூன்று பல்பு, போன் சார்ஜ் செய்ய ஓர் இணைப்பு. அதுவரை அங்கே தகரக் குடுவையில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்குதான். போன் சார்ஜ் செய்ய எட்டு மைல் தள்ளிச் சந்தைக்குப் போனைக் கொடுத்தனுப்புவார்கள். அந்த மாவட்டத்துக் கடலோரத்தில் எரிவாயு எடுக்கிறார்கள், அதைக் குழாய் போட்டுப் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோகிறார்கள், எங்களுக்கு ஒரு பல்பு இல்லை என்று மாமா சுஹுரா ஒருநாள் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"உங்கள் ஊரில் எப்படி?"

"எங்கள் ஊரில் பூமிக்குள்ளிருந்து நிலக்கரி எடுக்கிறார்கள். அதில் கரன்ட் செய்கிறார்கள். என் வீட்டிலிருந்து பார்த்தால் அந்தப் புகைபோக்கி தெரியும்."

"அப்படியானால் உன் வீட்டில் எப்போதும் வெளிச்சம்தான்."

"புகைபோக்கி தெரியும் என்றுதான் சொன்னேன்," என்றாள் அம்சவல்லி.

மாமா சுஹுராவுக்குப் புரிந்தது. "தாதா," என்று அவள் கையில் தட்டினாள். தாதா என்றால் சகோதரி.

ஜூன் மாதம் தலைகுனிவு வந்தது. முதலில் பொருத்திய நாற்பத்தொரு வீடுகளிலும் விளக்கு, ஏற்றிய சிறிது நேரத்திலேயே மங்கத் தொடங்கியது. பேட்டரி சரியாக ஏறவில்லை. பெண்களின் வேலை என்றால் இப்படித்தான் என்று ஆண்கள் பேசினார்கள். அம்சவல்லி ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றிலும் குறை இல்லை. ஒரு மத்தியானம் வெறுத்துப்போய் வாசலில் நின்றவள் தன் நிழலைப் பார்த்தாள். அது தெற்கே விழுந்திருந்தது.

நம் பக்கம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கடலூரில் அவள் கற்றதும் கற்பித்ததும் தகட்டைத் தெற்குப் பார்த்து வை என்பதுதான். நம்போலா பூமியின் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே சூரியன் வடக்கே சாயும். நாற்பத்தொரு வீட்டிலும் அவள் தகட்டை வெயிலுக்கு முதுகு காட்டி வைத்திருந்தாள்.

அன்று மரத்தடியில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் சின்னதுரையிடம் கொட்டினாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. "எல்லார் மொகத்துலயும் எப்பிடி முழிப்பன் மாமா, எனக்கு ஊருக்கு வந்துடலாம்னு இருக்குது மாமா." மறுநாள் பதில் வந்தது. எட்டு விநாடி அல்ல. மூன்று நிமிஷம்.

"வள்ளி, நான் மொத மொத மைன்ஸ்ல எறங்கன அன்னிக்கி இன்னா ஆச்சி தெரியுமா? ஒங்கிட்ட சொன்னதில்ல. அவ்ளோ பெரிய பள்ளத்த பாத்ததும் காலு ரெண்டும் கெட்டியா புடிச்சிகிச்சி. எறங்க மாட்டன்னு ஒக்காந்துட்டன். மேஸ்திரி வந்து திட்றான். எல்லாரும் நின்னுகினு சிரிக்கிறாங்க. அப்பறம் சிங்காரவேலு வந்து, ஏய், என் முதுக மட்டும் பாத்துகினு வா, பள்ளத்த பாக்காதன்னான். அப்பிடியே எறங்கனன். நீயும் ஒரு வூடு ஒரு வூடா போயி திருப்பி வையி. நாப்பத்தோரு வூட்ட பாக்காத. அந்த ஒரு வூட்ட மட்டும் பாரு."

சிங்காரவேல் அவனோடு பெல்ட்டில் வேலை பார்க்கும் கூட்டாளி. அம்சவல்லிக்குத் தெரிந்தவர்தான். அந்தக் கதைதான் தெரியாது. தன் புருஷனுக்கு இவ்வளவு பேச வரும் என்பதும் தெரியாது.

அவள் வீடு வீடாகப் போனாள். என் தவறு, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கூரையில் ஏறினாள். மாமா சுஹுரா கீழிருந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "என் புருஷன் இருபது வருஷமாகத் தப்பான திசையில்தான் முகத்தை வைத்திருக்கிறான். நீ இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாய்," என்றாள். ஒன்பது நாளில் நாற்பத்தொரு தகடும் வடக்கே திரும்பின. விளக்குகள் நின்று எரிந்தன.

அதற்குப் பிறகு சின்னதுரையின் குரல் தினமும் வந்தது. பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது பேசுவான். பின்னால் லாரி ஓடும் சத்தம் கேட்கும். கறிக்குழம்பு வைத்து உப்புப் போட மறந்ததைச் சொல்வான். மழைத் தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கி பம்ப் ஓட்டியதைச் சொல்வான். பக்கத்து வீட்டு ஆடு தன் சட்டையைத் தின்றதைச் சொல்வான். எதிரே ஆள் இருந்தால் நா எழாதவன், கையகலப் பெட்டியிடம் ஓடை மாதிரிப் பேசினான். அம்சவல்லிக்கு அந்த மத்தியானங்கள்தான் நாளின் நடு. கூரை மேல் நிற்கும்போது நிழல் காலடிக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பதினான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தபோது இல்லாத ஒரு தவிப்பு, மூவாயிரம் மைலுக்கு அப்பால் வந்த பிறகு அவன் மேல் உண்டாயிற்று. இந்த ஆளோடு நான் வாழவே இல்லையே என்று நினைப்பாள்.

*

செப்டம்பரில் அவர்கள் ஊரின் கீழ்க்கோடிக்கு வேலைக்குப் போனார்கள். ஒரு வீட்டில் பல்பு எங்கே வேண்டும் என்று கேட்டபோது புருஷன் வாசலில் என்றான், பெண்சாதி அடுப்படியில் என்றாள். அடுப்படியே ஜெயித்தது. அம்சவல்லி வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக்காரி பேச்சுக் கொடுத்தாள்.

"உனக்கு எத்தனை குழந்தைகள்?"

இல்லை என்று சொல்லித்தான் அம்சவல்லிக்குப் பழக்கம். நெய்வேலியில் எத்தனையோ பேரிடம் சொன்ன பதில். அதைச் சொல்லாமல் திருப்பிக் கேட்டாள்: "உனக்கு?"

"ஆறு. நாலு இங்கே இருக்கிறார்கள். இரண்டு பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள்."

அவள் அதை வெகு சாதாரணமாகச் சொன்னாள். ஆறு என்றுதான் முதலில் சொன்னாள். மாமா சுஹுராவும் பக்கத்திலிருந்து, "எனக்கு ஐந்து. ஒருத்தி பிறந்த அன்றே போனாள். ஆனால் ஐந்து," என்றாள். அம்சவல்லியின் கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

"இரண்டு," என்றாள். "இரண்டு பேரும் மண்ணுக்குள்."

வாழ்க்கையில் முதல் தடவை அவள் அப்படிச் சொன்னாள்.

மறுநாள் மரத்தடியில் வெகுநேரம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டுப் பேசினாள். "மாமா, இங்க ஒரு வூட்ல எத்தினி கொழந்தன்னு கேட்டாங்க. நான் ரெண்டுன்னு சொல்லிட்டன் மாமா. தப்பா?"

அன்று பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. கேட்டிருக்கக் கூடாது, வந்த குரலையும் கெடுத்துக்கொண்டேன் என்று அவள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் வந்தது. பதினோரு நிமிஷம். முதல் ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

"தப்பில்ல வள்ளி. ரெண்டுதான். ரெண்டாவது பொண்ணு. ஆஸ்பத்திரியிலியே பாத்துக்கினாங்கன்னு ஒங்கிட்ட சொன்னன் இல்ல? அது பொய்யி. நர்சம்மா துணியில சுத்தி எங்கையில குடுத்தாங்க. நான்தான் எடுத்துகினு போனன். சிங்காரவேலு வண்டி ஓட்னான். நான் பின்னால ஒக்காந்துகினு மடியில வச்சிகினு போனன். சேத்தியாத்தோப்பு வரைக்கும் போனோம். எங்க அக்கா வூட்டுக்குப் பின்னால வெள்ளாத்துக் கரையில புங்கமரம் ஒண்ணு இருக்குது பாரு. அங்க. நான்தான் தோண்டனன். அவன் தோண்டறன்னான், நான் வுடல."

லாரி ஒன்று கடந்துபோகும் சத்தம். பிறகு அவன் குரல்.

"தல நெறைய முடி வள்ளி. ஒன் முடி மாரியே சுருட்ட. நீ பாக்கல. நான் பாத்தன். பாத்தத ஒங்கிட்ட எப்பிடி சொல்றதுன்னு தெரில. சொன்னா நீ தாங்க மாட்டன்னு நெனச்சன். ஒரு நாளு தள்னன், ரெண்டு நாளு தள்னன், அப்பறம் அது பெரிய பாறாங்கல்லா ஆயிடிச்சி. வேற எத்த பேச வாயத் தொறந்தாலும் அதான் மொதல்ல வந்து நிக்குது. அதான் பேசாமயே இருந்துட்டன். வருசா வருசம் ஆவணில கான்ட்ராக்டர பாக்கப் போறன்னு சொல்லிட்டுப் போவன் இல்ல? அங்கதான் போவன். போயி ஒண்ணியும் செய்யறதில்ல. கொஞ்ச நேரம் ஒக்காந்துகினு இருந்துட்டு பஸ்சு புடிச்சி வந்துடுவன்."

அம்சவல்லி போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மரத்தில் சாய்ந்துவிட்டாள். தேடி வந்த மாமா சுஹுரா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மண்டியிட்டாள்.

"யார் இறந்தது?"

"என் மகள்."

"எப்போது?"

"எட்டு வருஷத்துக்கு முன்னால்."

எட்டு வருஷத்துக்கு முன் போனதற்கு இப்போது ஏன் அழுகிறாய் என்று மாமா சுஹுரா கேட்கவில்லை. அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பாய் விரித்து உட்கார வைத்தாள். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிறகு கீழ்க்கோடிப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மாவு கொண்டுவந்தாள், ஒருத்தி விறகு. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவள் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள். இன்று காலையில் நடந்த சாவுக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்வரை யாரும் எழுந்து போகவில்லை. அந்தக் குழந்தைக்காகத் துக்கம் கேட்டு யாரும் அதுவரை அவள் வீட்டுக்கு வந்ததில்லை. தன் நாட்டில் நடக்காதது இங்கே, பெயர்கூட முழுதாகத் தெரியாத பெண்களால் நடந்தது.

அதற்கு மேல் அவளுக்கு அங்கே கால் தரிக்கவில்லை. உடனே கிளம்பிப் போய் அவன் எதிரில் உட்கார வேண்டும் என்று இருந்தது. ஆனால் எழுபது வீடுகள் பாக்கி. நான்கு பெண்களுக்கும் பேட்டரிக் கோளாறு பார்க்க இன்னும் சரியாக வரவில்லை. இருந்தாள். முந்திரி அறுவடை வந்தது. கொட்டைகள் மூட்டை மூட்டையாகக் கப்பலுக்குப் போயின. அதில் பாதி இந்தியாவுக்குத்தான் போகிறது என்றார்கள். இந்த மூட்டைக்குக் கிடைக்கிற கொடுப்பினை எனக்கு இல்லையே என்று லாரி போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரியில் அமைப்பின் ஆள் வந்து, இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா, பக்கத்தில் மூன்று கிராமங்கள் கேட்கின்றன என்றார். மாமா சுஹுரா அவள் முகத்தையே பார்த்தாள். அம்சவல்லி சின்னதுரையைக் கேட்டாள். பதில் எட்டு விநாடி: "ஒனக்கு எது தோணுதோ அத்த செய்யி வள்ளி." ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதில் ஒரே வார்த்தை.

"வந்துடேன்."

*

மார்ச் மாதம் சென்னை விமான நிலையத்தில் சின்னதுரை புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். "எளச்சிட்ட," என்றான். நெய்வேலி பஸ்ஸில் ஐந்தரை மணி நேரம். அம்சவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் பேசுவான், பேசுவான் என்று காத்திருந்தாள். திண்டிவனம் போனது, விழுப்புரம் போனது, பண்ருட்டியும் போனது. அவன் ஒருமுறை தண்ணீர் பாட்டில் நீட்டினான். ஒருமுறை, தூங்கு என்றான்.

வீட்டிலும் அப்படித்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு ஷிப்ட்டுக்குப் போனான். ஒரு மாதம் போயிற்று. போனில் இருந்த பழைய பதிவுகளை அம்சவல்லி அவன் இல்லாத நேரத்தில் போட்டுக் கேட்டாள். ஆள் பக்கத்தில் இருக்கும்போதே ஆளின் குரலுக்கு ஏங்குவது என்ன மாதிரி வேதனை என்று யாரிடம் சொல்ல முடியும்? மேட்டில் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோதாவது மத்தியானம் வரும் என்ற நம்பிக்கை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள். "மாமா, அங்க கூட்டிகினு போறீங்களா?"

எங்கே என்று அவன் கேட்கவில்லை. சட்டையை மாட்டினான். சேத்தியாத்தோப்பில் இறங்கி வெள்ளாற்றங்கரை வழியே நடந்தார்கள். ஆற்றில் மணல்தான் கிடந்தது. புங்கமரத்தடியில் அடையாளம் ஒன்றும் இல்லை. அவன் ஓரிடத்தில் நின்று தரையைக் காட்டினான். அம்சவல்லி உட்கார்ந்து அந்த மண்ணில் கையை வைத்தாள்.

"தல எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம்."

"இன்னா துணி?"

"ஒம் பொடவ. பச்சப் பொடவ. நீ அத்த காணம், காணம்னு ரொம்ப நாளு தேடுன."

அவள் தேடியது உண்மைதான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான். மூக்கு எப்படி இருந்தது, நகம் இருந்ததா, நிறம் என்ன. வெயில் ஏறி, நிழல் நகர்ந்து, அவர்களும் நிழலோடு நகர்ந்து உட்கார்ந்தார்கள். வரும் வழியில் இருவரும் பேசவில்லை. அந்தப் பேசாமை அவளுக்கு உறுத்தவில்லை.

அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட். அம்சவல்லி கடலூரிலிருந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். போனில் ஓர் ஒலி. நாலு மைல் தள்ளி சுரங்கத்திலிருந்து அவன் பேசியிருந்தான். "வள்ளி, இப்பதான் டீ குடிச்சன். இன்னிக்கி பெல்ட்டுல ஒரு வேடிக்க..." அவள் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். சிரித்தாள். பிறகு அவளும் பேசி அனுப்பினாள். எதிரே இருக்கும்போது அவனுக்குப் பேச்சு வராது, அது அவன் சுபாவம். அதை மாற்ற முடியாது என்று அவள் விட்டுவிட்டாள். ஆனாலும் சில நாள் சாப்பிடும்போது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடலூர் மையத்தில் அவள் இப்போது தலைமைப் பயிற்சியாளர். வெளிநாடு போகிற பெண்களுக்கு அவள்தான் பாடம் எடுக்கிறாள். மறுபடி போகிறீர்களா என்று இசைப்பிரியா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அம்சவல்லிக்கு ஆசை இருக்கிறது. ஜூன் மாதம் வந்தால் நம்போலாவில் இப்போது முந்திரி பூத்திருக்கும் என்று தோன்றும். அந்தப் பாயில் உட்கார்ந்த பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். போக மனமும் இருக்கிறது, விட்டுப் போகவும் மனமில்லை.

ஒரு விடுமுறை நாள் மாமா சுஹுராவின் குரல் வந்தது. நாற்பது வீட்டுப் பேட்டரிகளைத் தாங்களே மாற்றிவிட்டோம், பக்கத்து ஊருக்கும் நாங்கள்தான் போகிறோம், சுஹுராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நீ எப்போது வருவாய் என்று கேட்டிருந்தாள். பின்னணியில் கோழி கத்தியது, யாரோ உரலில் இடித்தார்கள். அம்சவல்லி இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். சின்னதுரை பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா சொல்லுது அந்தம்மா?"

அவள் தமிழில் சொன்னாள். அவன் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"கண்ணாலத்துக்கு நீ போயிட்டு வா," என்றான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, மெல்ல, வார்த்தை வார்த்தையாகச் சொன்னான்: "நீ போனியானா எனக்கு இந்த வூட்ல இருக்க முடியாது வள்ளி. ஆனாலும் போயிட்டு வா."